தாண்டிப் போன நாலாம் வகுப்பு

ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டின ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு வெங்காய மண்டியில் எடை போடுகிற வேலை. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சையை அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். படிப்பில் கெட்டி என்று என் வாயால் நானே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது. ஆனால் கதையே அதில்தான் தொடங்குகிறது என்பதால் சொல்லித்தான் ஆகவேண்டும். டீச்சர் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் எனக்கு விடை வந்துவிடும். விடை வந்தால் வாய் சும்மா இருக்காது. "செத்த நேரம் வாயை மூடிட்டு இரு புள்ள, மத்ததுக யோசிக்கட்டும்" என்பதுதான் அந்த வருஷம் முழுக்க நான் கேட்ட பாட்டு.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் அப்பாவையும் அம்மாவையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டால் பிள்ளை ஏதோ ஏழரையை இழுத்துவிட்டது என்றுதான் அன்றைக்கெல்லாம் அர்த்தம். அப்பா வழியெல்லாம் என்னை முறைத்துக்கொண்டே வந்தார். அங்கே போனால் விஷயம் வேறு. எனக்கு டபுள் புரமோஷன் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்களாம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஒரு வகுப்பைத் தாண்டி அதற்கடுத்த வகுப்பில் தூக்கிப் போடுவார்கள். எனக்கு நாலாம் வகுப்பு கிடையாது, மூன்றாவதிலிருந்து நேரே ஐந்தாவது. ஊரில் அது பெரிய பேச்சு. சில வீடுகளில் தெருவுக்கே மிட்டாய் கொடுப்பார்கள்.

எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு மட்டும் அதில் விருப்பமில்லை. ஹெட்மாஸ்டர் எதிரிலேயே சொன்னார்கள்: "படிப்புல இவ யாரையும் தூக்கிச் சாப்பிட்ருவா சார். ஆனா மத்ததுல பச்சப் புள்ள. அஞ்சாவதுல இருக்குறதெல்லாம் பெரிய பெரிய புள்ளைக. இவ அங்க போயி யாரோட விளையாடுவா?"

அப்பாவும் தயங்கினார். "அவசரம் எதுக்குங்க? அது பாட்டுக்கு மெதுவாப் படிக்கட்டும். கண்ணுபட்டுப் போகும்" என்றார்.

அம்மா அதுவரை கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். வெளி ஆண்கள் எதிரில் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஓரடி முன்னால் வந்து, "சார், இவளை அஞ்சாவதுல போட்டா எட்டாவது எப்ப முடியும்?" என்று கேட்டாள். ஹெட்மாஸ்டர் சொன்னார். அம்மா கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு தடவை எண்ணியது போதாமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு, "போட்ருங்க சார்" என்றாள்.

அம்மா எதை எண்ணினாள் என்பது அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியவளாகி உட்கார்ந்துவிட்டால் அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எந்த வகுப்பு, எந்த மாதம், பரீட்சைக்கு எத்தனை நாள் என்றெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள். அம்மாவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது, முழுப்பரீட்சைக்குச் சில நாள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். எழுதாத அந்தப் பரீட்சையைப் பற்றி அம்மா எப்போதாவது பேசுவாள். மற்றவர்கள் வராமல் போன மழையைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு அப்போது அரசாங்கப் பரீட்சை. அதில் பாஸ் பண்ணினால் டீச்சர் டிரெயினிங் சேரலாம். அம்மாவின் கணக்கு அதுதான். ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டால், நான் உட்காருவதற்குள் எட்டாவது முடிந்துவிடும்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எட்டாவது பாஸ் பண்ணிட்டான்னா டிரெயினிங் சேத்து விடுறேன், அது என் பொறுப்பு. ஆனா அதுக்குள்ள உக்காந்துட்டா அத்தோட நிறுத்திரணும். பெறகு நீ அழக் கூடாது." அம்மா சரி என்று தலையை ஆட்டினாள்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒரே விஷயம்தான் கேட்டிருப்பேன், என் சிநேகிதியும் ஐந்தாவதுக்கு வருவாளா என்று. பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண் அவள். முதல் வகுப்பில் மணைப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் தனியாக உட்கார்ந்ததே கிடையாது. கணக்கில் நான் கெட்டி என்றால் மனப்பாடத்தில் அவள் கெட்டி. ஆளுக்குப் பாதியாக நாங்கள் ஒரு முழு மாணவி என்று டீச்சர் கேலி செய்வார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் இடதுபக்க அறைக்குப் போனாள், நான் வலதுபக்க அறைக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பில் பெஞ்சு. அதில் ஏறி உட்கார்ந்ததும் என் கால் தரையைத் தொடவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தால் அவர்களுடைய ஆளாகிவிடலாம் என்ற யோசனைதான். அதெல்லாம் நடக்கவில்லை.

அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருத்திகூட என்னை அடித்ததோ வைததோ கிடையாது. லேட்டாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள், ஃபெயிலானவர்கள் என்று எல்லாருமே என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "ஒனக்கு ஒண்ணுமில்ல, நீ போய் விளையாடு" என்பார்கள். யாரோடு விளையாடுவது? இடைவேளையில் நாலாவது அறைப்பக்கம் ஓடினால், ஐந்தாவது வாத்தியார், "ஏ, ஒன் கிளாஸ் இங்கே இருக்கு, அங்க என்ன வேலை?" என்று கூப்பிட்டுவிடுவார். கொஞ்ச நாளில் என் சிநேகிதிக்குப் பாண்டி ஆட வேறு கூட்டாளி கிடைத்துவிட்டாள். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சிநேகிதி ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, "நீயும் வாரியா?" என்று கேட்பாள். ஐந்தாவது படிக்கிறவள் என்ற ராங்கி எனக்கு. "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பி வந்துவிடுவேன். வகுப்பில் ஒரு வேலையும் இருக்காது.

படிப்பு வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. நாலாவதில் சொல்லிக்கொடுக்கிற பின்னக் கணக்கு மட்டும் தெரியாமல் ஒரு வாரம் முழித்தேன், அப்புறம் அதையும் பிடித்துக்கொண்டேன். முதல் மார்க்கு வாங்கினேன். முதல் மார்க்கு வாங்கின அன்றைக்கும் வீட்டுக்குத் தனியாகத்தான் நடந்தேன்.

பல நாள் அழுத முகத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். தெருமுனைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவேன் என்றாலும் பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அம்மா வாசல்படியில் நின்று என் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். "இன்னைக்கு என்ன வெஞ்சனம் தெரியுமா?" என்று அங்கிருந்தே பேச்சை மாற்றுவாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யாரோடு பேசினாய், ஏன் அழுதாய் என்று ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை. அந்தக் கோபம் எனக்குள் வெகுகாலம் இருந்தது. மார்க்கு மட்டும் இவளுக்குப் போதும், நான் வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாவது போனதும் பெண்கள் ஒவ்வொருத்தராக நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஒருத்தி வரமாட்டாள். மறுநாளும் வரமாட்டாள். மூன்றாம் நாள் மற்றவர்கள் கூடிக் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். அதற்கப்புறம் அவள் வரவே மாட்டாள். அப்படி நின்ற ஒருத்திக்குச் சடங்கு வைத்த அன்றைக்கு, வகுப்புப் பெண்கள் எல்லாரும் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு பார்க்கக் கிளம்பினார்கள். நானும் எழுந்தேன். "நீ வேணாம்த்தா, நீ சின்னப் புள்ள. அங்கெல்லாம் வந்தா ஒங்கம்மா எங்களை வையும்" என்று உட்காரவைத்துவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் முழுக்கப் பெண்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். வாத்தியார் வந்து, "நீ போகலியா?" என்று கேட்டார். நான் குனிந்து புத்தகத்தைப் புரட்டினேன். அவரும் சங்கடப்பட்டுப் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் சிநேகிதியும் ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். அவர்கள் வீடுகளில் அதற்கு மேல் பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் அவள் வீடு. வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கும். சில நாள் நான் கடந்து போகும்போது திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வரும்: "ஏ புள்ள, பாடம் எம்புட்டு ஆச்சு?" நான் நின்று, அன்றைக்கு நடந்த பாட்டை ஒப்பிப்பேன். அவள் அங்கிருந்தபடியே திருப்பிச் சொல்வாள். ஒரு தடவை கேட்டால் போதும் அவளுக்கு. அந்தக் காலத்தில் என் வயசுப் பெண்ணோடு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். ஏழாவது முடியும்முன் அவர்கள் குடும்பம் வெளியூர் போய்விட்டது. அந்த வாசலில் வேறு யாருடைய திரையோ தொங்கிற்று.

எட்டாவது தொடங்கியபோது மூன்று பெண்கள் இருந்தோம். அரைப்பரீட்சைக்குப் பிறகு நான் மட்டும்தான். நீளமான பெஞ்சு முழுக்க எனக்கு. ஒரு பக்கம் பையை வைப்பேன், மறுபக்கம் தூக்குவாளியை வைப்பேன். பையன்களோடு பேசுவது என்பதெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்கமுடியாத காரியம். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது முதலில் பையன்கள் பேரை வரிசையாகக் கூப்பிடுவார், பிறகு பெண்கள் பேரை. பெண்களில் ஒரே ஆள் ஆனதும், பேரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். தலையைத் தூக்கி என் பெஞ்சை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் என் பேரை யாரும் சொல்லாமலே வாரங்கள் போயின.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். வலியோடு பாவாடையில் கண்டதையும் நான் சொன்னதும் அவள் கை அப்படியே நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் பயந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லம்மா."

"பரீட்சைக்கு எம்புட்டு நாள் கெடக்கு?"

"ஒரு மாசம்மா."

"அப்ப ஒரு மாசத்துக்கு ஒனக்கு ஒண்ணும் ஆகல. நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போற. புரியுதா?"

அம்மா எவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்கிறாள் என்பது அந்த வயதில்கூட எனக்குத் தெரிந்தது. எங்கள் வீடுகளில் இந்தச் செய்தி முதலில் தாய்மாமனுக்குப் போகவேண்டும். அவர் வந்து தன் கையால் பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டவேண்டும். அதில் பெண்ணை உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிக்கும்வரை அவள் அடுப்படிக்குள் நுழையக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. இதை மறைத்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். அம்மா இதையெல்லாம் நம்பாதவள் இல்லை. மற்ற யாரையும்விட அதிகமாக நம்புகிறவள். வாராவாரம் சனிக்கிழமை தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறவள்.

"தப்பு இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"தப்புத்தேன். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பாடத்தப் பாரு."

அந்த மாதம் முழுக்க அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள். விளக்கேற்றுவதையும் நிறுத்திவிட்டாள். திரி ஈரம், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அப்பாவிடம் தினமும் ஒரு சாக்கு சொல்வாள். உட்கார்ந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அடுப்பில் சேர்ந்தால் போதும், அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு தெருவே வாசலுக்கு வந்து நின்றுவிடும். அதனால் அடுப்பே மூட்டாமல், விடிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு பச்சை முட்டையில் நல்லெண்ணெய் விட்டுக் கலக்கி என் வாயில் ஊற்றுவாள். "பரீட்சைக்குப் படிக்கிற புள்ள, தெம்பு வேணும்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு முழுங்கிவிடுவேன்.

குழாயடியில் ஒரு அம்மாள், "ஒம் மக நல்ல வளத்தியா இருக்காளே, இன்னும் உக்காரலையா?" என்று கேட்டார். "அவளுக்கு என்ன அவசரம்?" என்று சிரித்துக்கொண்டே சொன்ன அம்மா, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என் மாமா வந்த அன்றைக்கு. அம்மாவின் அண்ணன். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் பூக்கூடை ஏற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு பொட்டலம் தனியாக இருக்கும். அவருக்கு ஒரு மகன் இருந்தான். எனக்கும் அவனுக்கும் முடிச்சுப் போடுவது என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். நான் உட்காருகிற நாளை யாரையும்விட அதிகமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். தங்கை மகளுக்குச் சீர் கொண்டுவருவதைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேசுவார்.

அன்றைக்கு என்னைப் பார்த்ததும், "ஏத்தா மருமகளே, படிச்சுப் படிச்சு எளச்சுப் போயிட்டியே. இந்தா, தலைய நீட்டு" என்று பூவை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார். நான் அசையாமல் நின்றேன். அம்மா குறுக்கே வந்து பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "தலை ஈரமா இருக்குண்ணே, பெறகு வச்சு விடுறேன்" என்றாள். மாமா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து மோர் குடித்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் அந்தப் பூவைத் தண்ணீர் தெளித்து மூலையில் வைத்தாள். அது அங்கேயே வாடியது.

பரீட்சை எங்கள் ஊரிலேயே வேறொரு பள்ளிக்கூடத்தில். முதல் நாள் அம்மா என்னோடு கிளம்பினாள். அதுவரை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் என்னைக் கொண்டுவந்து விட்டவள் இல்லை. பரீட்சை அறையிலும் நான் ஒருத்திதான் பெண். என்னைச் சுவரோரமாகத் தனியே உட்காரவைத்தார்கள். கணக்குப் பரீட்சை அன்றைக்கு மறுபடியும் வயிற்றுவலி. பேனாவைப் பிடிக்கமுடியாமல் நிமிர்ந்தபோது, ஜன்னல் வழியே வெளியே புளியமரம் தெரிந்தது. அம்மா அதன் அடியில் மோர்ச்செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பையன்களைக் கொண்டுவந்து விட்ட அப்பாமார்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவளோடு பேச அங்கே யாரும் இல்லை. வெயில் நகர நகர அவளும் நகர்ந்துகொண்டாள். நான் குனிந்து எழுத ஆரம்பித்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா முகம் கைகால் கழுவினாள். என்னை ஒரு மூலையில் பாயைப் போட்டு உட்காரவைத்தாள். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டம்மாளைக் கூப்பிட்டு, "எம் மக உக்காந்துட்டா" என்று சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மாமா வந்து இறங்கினார். தலையில் பச்சைக் கீற்றுக்கட்டு, கையில் பித்தளைக் குடம், பின்னாலேயே மாமி பூக்கூடையோடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குடிசை கட்டினார். வருகிற போகிறவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி வேற யாருக்கும் சொல்லல, மொத ஆளா எனக்குத்தேன் சொல்லியனுப்பிருக்கா" என்று பெருமையடித்துக்கொண்டார். எனக்குத் தண்ணீர் ஊற்றும்போது அம்மா ஓரமாக நின்று தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். கீற்று இடுக்கு வழியாக நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

நான் பாஸ் பண்ணினேன். அப்பா சொன்ன சொல் மாறவில்லை. மாமாவுக்கு மனத்தாங்கல்தான், டிரெயினிங் முடியும்வரை இரண்டு வருஷம் மகனைக் காக்கவைக்கமுடியாது என்று வேறு இடத்தில் பெண் எடுத்தார். ஆனாலும் நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பின அன்றைக்குப் பூப்பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். அவர் கடைசிவரை எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

டிரெயினிங் முடித்து வேலைக்குப் போனபோது எனக்குக் கொடுத்த முதல் வகுப்பு எது தெரியுமா? நாலாம் வகுப்பு. அந்த வகுப்புப் பாடப்புத்தகத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பிரித்தேன். மணைப்பலகையில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும், பாடத்தை ஆரம்பிக்காமல் முதலில் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சத்தமாகக் கூப்பிட்டேன். பிற்பாடு டபுள் புரமோஷன் கேட்டு என்னிடம் வந்த பெற்றோர்கள் உண்டு. அவர்களிடம் நான் வேண்டாம் என்றும் சொன்னதில்லை, தாராளமாகப் போடுங்கள் என்றும் சொன்னதில்லை. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங் கூட்டாளி யாரு?" என்று கேட்பேன். அதற்கு அது சொல்கிற பதிலை வைத்துக்கொண்டு யோசிப்பேன்.

அம்மாவுக்கு வயதாகி, என் வீட்டில் வந்து இருந்த காலம். ஒரு நாள் இரண்டு பேருமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின்மேல் பழிபோட்டுக்கொள்ளலாம் என்ற தைரியத்தில், இத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அந்த அஞ்சாவதுல நான் தெனமும் அழுதுக்கிட்டு வருவேனே. ஒரு நாளாவது ஏன் அழுறேன்னு நீ கேட்டியா?"

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "கேட்டா நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா? நாலாவதுலயே எறக்கி விட்ருங்கன்னு சொல்லுவ. நீ வாயெடுத்து ஒரு தடவை சொல்லிட்டா, பெறகு என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது புள்ள. அதேன் கேக்கல."

நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "குழாயடியில நின்னு மூஞ்சியக் கழுவிட்டு வருவ. நான் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தேன் இருப்பேன்" என்றாள்.

அம்மா இப்போது இல்லை. என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முகம் வாடி வந்தால் பையைக்கூட இறக்கவிடாமல், "என்னடி ஆச்சு, யாரு என்ன சொன்னா?" என்று பிடித்துக்கொண்டவள் நான். ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்படிக்குத் திரும்பிப் போக என் அம்மாவுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்பது, அப்படிக் கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு உறைத்தது, இன்றைக்கும் உறைக்கிறது.